"ஸ்வார்ட்லாந்து பழங்கொடி ஒயின்" வாங்கப் போகிறீர்களா? பின் லேபிளைப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்

கேப் டவுன் தமிழ் மக்களுக்கு, அதிலும் வருஷக் கடைசியில் ஆபீஸ்காரர்களுக்கு ஒயின் வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு இது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் ஷெனின் ப்ளாங்க் என்கிற வெள்ளை ஒயின் விற்கிறார். பெயர் போடவில்லை, செய்தியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: "தோட்டத்திலிருந்து நேரடி, ஸ்வார்ட்லாந்து, பார்டெபெர்க் மலைச்சரிவு, ஐம்பது வருஷக் கொடி, ஒரே தோட்டம்." பாட்டில் 380 ராண்ட். ஆறு பாட்டில் பெட்டியாகத்தான் தருவார், பணம் முதலில்.

நானும் ஒரு பெட்டி வாங்கினேன், வந்தது. முன்பக்கம் அழகான மலைப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் "வைன் ஆஃப் ஆரிஜின் வெஸ்டர்ன் கேப்", அதாவது திராட்சை விளைந்த இடம் வெஸ்டர்ன் கேப். அவ்வளவுதான்.

1973 முதல் இந்த நாட்டில் ஒயினில் ஊர்ப் பெயர் போடுவதற்குச் சட்டம் இருக்கிறது. எந்த இடத்தின் பெயர் போட்டாலும் திராட்சை முழுக்க அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும். ஸ்வார்ட்லாந்து என்பது ஒரு மாவட்டம். வெஸ்டர்ன் கேப் என்றால் ஏறக்குறைய நாட்டின் ஒயின் நிலம் மொத்தமும். ஸ்வார்ட்லாந்துத் திராட்சைக்கு வெஸ்டர்ன் கேப் என்று போடச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் 380 ராண்டுக்கு விற்கிறவர் எதற்காக அந்தப் பெயரை மறைக்கப் போகிறார்? "ஒரே தோட்டம்" என்பதும் வாய்க்கு வந்தபடி சொல்கிற வார்த்தை இல்லை. ஆறு ஹெக்டேருக்கு மிகாத, முறையாகப் பதிவான தோட்டத்துக்கு மட்டுமே லேபிளில் அப்படிப் போட முடியும். பழங்கொடிக்கும் தனி முத்திரை உண்டு. 35 வருஷம் தாண்டிய கொடிகளுக்கு, ஓல்ட் வைன் ப்ராஜெக்ட் அமைப்பு தருவது. கொடி நட்ட வருஷமே அதில் இருக்கும். என் பாட்டில்களில் இவை எதுவும் இல்லை.

குடித்தாலும் தெரிகிறது. பார்டெபெர்க் பக்கம் சிதைந்த கருங்கல் மண். மழை குளிர்காலத்தில்தான், கோடை முழுக்க வறட்சி. அங்கே பழைய கொடிகளை நம் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி பந்தலில் ஏற்றுவதில்லை; குத்துச்செடியாக, பெரும்பாலும் மானாவாரியாக விட்டுவிடுகிறார்கள். வேர் ஆழத்துக்குப் போய்த் தண்ணீர் தேடும், காய்ப்பு குறையும், பழம் சின்னதாகச் சாறு கெட்டியாக இருக்கும். அந்த ஒயினில் புளிப்புக்குக் கீழே ஒரு கனம் இருக்கும், விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும். எனக்கு வந்த பாட்டிலில் வாழைப்பழ மிட்டாய் வாசனை, வாயில் தண்ணீர் மாதிரி கனமே இல்லை. அந்த வாசனை குளிரவைத்து வேகமாகச் செய்கிற இளம் ஒயின்களில் சாதாரணமாக வருவது. மோசமான ஒயின் என்று சொல்ல மாட்டேன், வெயில் நேரத்துக்குக் குளிரக் குளிரக் குடிக்கலாம். ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் எழுபது எண்பது ராண்டுக்குக் கிடைக்கிற சரக்கு.

போன் போட்டுக் கேட்டேன். முதலில் "லேபிள் பிரிண்டிங் மிஸ்டேக் சார்" என்றார். ஒயினின் ஊர்ப் பெயருக்குத் தருகிற சான்றிதழோடு லேபிளும் சேர்ந்த விஷயம்தானே என்றதும், "நம்ம ஆளுங்களே நம்மளைச் சந்தேகப்பட்டா எப்படி சார்?" என்று ஆரம்பித்தார். தமிழ் பேசி விற்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த வசனம் மனப்பாடம் போல. மது விற்க லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாட்டில்களைத் திறக்காமல் வையுங்கள். 2008ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். நேராக உங்கள் போனுக்கு விளம்பரம் அனுப்பி விற்றதென்றால், வந்த ஐந்து வேலை நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யவும் உரிமை உண்டு. அவருடைய விளம்பரச் செய்தி, பணம் அனுப்பிய ரசீது இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் கழுத்தில் சான்று முத்திரை இருந்தால் அதன் எண்ணையும் தெளிவாகப் படம் பிடியுங்கள்.

போன வாரம் அதே செய்தி வேறு நம்பரிலிருந்து, இந்த முறை "கான்ஸ்டான்ஷியா சோவினியோன் ப்ளாங்க்" என்று, வேறோர் ஊரின் வேறொரு வெள்ளை ஒயின் பெயரில் வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருந்தால், பணம் போடுவதற்கு முன் பின் லேபிளின் படத்தைக் கேளுங்கள். நானும் கேட்டிருக்கிறேன், எனக்கு இன்னும் பதில் வரவில்லை.