மூன்று காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தேன், ஒன்றில் பலன் கிடைத்தது

புதுக் கார் வாங்கும்போது எக்ஸ்டெண்டட் வாரண்டி (கம்பெனி வாரண்டி முடிந்த பிறகு வருகிற பழுதுகளுக்காக நாம் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது) பற்றிய பேச்சு எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நிறம் முடிவாகி, முன்பணம் கட்டி, கடன் பத்திரங்களில் பத்துப் பதினைந்து கையெழுத்து போட்டுக் கை ஓய்ந்த பிறகு கடைசித் தாளாக அது வரும். "சார், இதையும் போட்டுக்கிட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்பார் விற்பனையாளர். யானையே வாங்கியாயிற்று, அங்குசத்துக்குப் போய்க் கணக்குப் பார்ப்பதா என்ற மனநிலையில் நாமும் கையெழுத்து போட்டுவிடுவோம். நானும் போட்டவன்தான். மூன்று காருக்கு மூன்று விதமாக இதை வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒன்று வீணாய்ப் போனது, ஒன்று சண்டையில் முடிந்தது, ஒன்று மட்டும் உருப்படியாக உதவியது. வாங்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்கிற நண்பர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் காரில் நடந்தது சின்னக் கதை. டெலிவரி அன்றே எடுத்தேன். "ஐந்து வருட வாரண்டி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அதாவது கம்பெனி எப்படியும் தருகிற மூன்று வருடம், அதற்கு மேல் நான் காசு கொடுத்து வாங்கிய இரண்டு வருடம். நான்காம் வருடம் பிறக்கிறவரை நான் கட்டிய காசுக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை. அதைக் காரின் கடனிலேயே சேர்த்துவிட்டார்கள், ஆகவே வேலை செய்யாத அந்த மூன்று வருடமும் அதற்கு வட்டி வேறு கட்டிக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டாவது மாதம் காரை விற்றுவிட்டேன். மீதிக் காலத்தை வாங்குபவர் பேருக்கு மாற்றலாம், அல்லது ரத்து செய்தால் மீதிக் காலத்துக்கு ஏற்பப் பணம் திரும்ப வரும், பல ஒப்பந்தங்களில் இந்த இரண்டில் ஒரு வழியாவது இருக்கும். எனக்கு அது தெரிந்தது விற்று ஒரு வருடம் கழித்து. கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. இந்தத் தப்பு முழுக்க என்னுடையது, யாரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது காரில்தான் பாடம் படித்தேன். அது பழைய கார், ஆட்டோமேட்டிக். கம்பெனி வாரண்டி முடிந்து போயிருந்தது. விற்றவரே ஒரு வெளி நிறுவனத்தின் எக்ஸ்டெண்டட் வாரண்டியைச் சேர்த்துக் கொடுத்தார், அதாவது விலையில் ஏற்றிக் கொடுத்தார். பளபளப்பான கையேடு, அதில் இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் என்று தலைப்புத் தலைப்பாக ஏகப்பட்ட பாகங்களின் பெயர். பட்டியல் நீளமாக இருந்ததால் எல்லாமே அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீளமான பட்டியலைப் பார்த்தால்தான் சந்தேகம் வந்திருக்க வேண்டும்! ஏனென்றால் இந்த ஒப்பந்தங்கள் இரண்டு ஜாதி. ஒன்றில், எழுதியிருக்கிற பாகங்களுக்கு மட்டும்தான் பொறுப்பு. இன்னொன்றில், இன்னின்னவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பு. இரண்டாவது வகையில் பட்டியல் சின்னதாக இருக்கும், விலை கூடுதலாக இருக்கும், வாதாடுவதற்கும் நமக்கு இடம் இருக்கும். என்னுடையது முதல் வகை.

எட்டாவது மாதம் வண்டி நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது ஒரு உதறல் உதற ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில், கியர்பாக்ஸைப் பிரித்தால்தான் என்ன பழுது என்று சொல்ல முடியும் என்றார்கள். வாரண்டிக்காரருக்குப் போன் செய்தேன். பிரிப்பதற்கு முன்னால் எங்களிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றார். சரி, அனுமதி கொடுங்கள் என்றேன். என்ன பழுது என்று தெரிந்தால்தான் அனுமதி கொடுக்க முடியும் என்றார். பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பிரிக்கும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், கிளெயிம் பாஸானால் அதையும் சேர்த்துத் தந்துவிடுவோம் என்றார். ஏற்றுக்கொண்டேன். பிரித்துப் பார்த்ததில் பழுது கியர்பாக்ஸை இயக்குகிற மின்னணுக் கட்டுப்பாட்டு யூனிட்டில். அடுத்து சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள், அனுப்பினேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை சர்வீஸ் செய்ய வேண்டிய வண்டியை ஒரு தடவை 11,600ல் விட்டிருந்தேன். அதைக் காரணம் காட்டிக் கிளெயிமை நிராகரித்து ஒரு கடிதம் வந்தது. இன்ஜின் ஆயில் தாமதமாக மாற்றியதற்கும் கியர்பாக்ஸின் மின்னணு யூனிட் போனதற்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று வாரம் சண்டை போட்டேன். கடைசியில் அந்தப் பளபளப்புக் கையேட்டை எடுத்து வரி வரியாகப் படித்தபோதுதான் புரிந்தது, நான் ஜெயித்திருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. கியர்பாக்ஸின் உள்பாகங்கள் அத்தனையும் பட்டியலில் இருக்கின்றன, அந்த யூனிட் மட்டும் இல்லை. பிரித்த கூலி, சேர்த்த கூலி, யூனிட், எல்லாம் என் கையிலிருந்துதான் போனது. அந்த வாரண்டிக்கு மதிப்பெண் 5க்கு 1. அந்த ஒன்றும் போன் எடுத்தவர் மரியாதையாகப் பேசியதற்காக.

அதற்குப் பிறகு நான் ஒப்பந்தம் படிக்கிற ஆசாமியாகிவிட்டேன். படித்ததில் புரிந்தவை சில. பெயர்தான் வாரண்டி, ஆனால் சரக்கு வேறு. கம்பெனி தருவது, பொருள்களிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் சரி செய்து தருகிறேன் என்ற வாக்குறுதி, அது காரின் விலையிலேயே அடங்கியது. நாம் தனியாக வாங்குவது ஒரு சேவை ஒப்பந்தம், கிட்டத்தட்டக் காப்பீடு மாதிரி. விற்கிறவருக்குக் கமிஷன், நிர்வாகச் செலவு, லாபம், கிளெயிம்களுக்குக் கொடுக்கிற பணம் எல்லாமே நாம் கட்டுவதிலிருந்துதான் வர வேண்டும். ஆக, வாங்குகிற எல்லோரையும் மொத்தமாக எடுத்துக்கொண்டால் கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்ப வரும். வராவிட்டால் அவர்கள் கடையை மூட வேண்டியதுதான். இன்னொரு விஷயம், எந்திரங்கள் எப்போது பழுதாகும் என்பதற்குப் பொறியாளர்கள் குளியல் தொட்டி வடிவத்தில் ஒரு வளைவு போடுவார்கள். தயாரிப்பில் தங்கிவிட்ட குறைகள் ஆரம்ப மாதங்களிலேயே தலைகாட்டிவிடும், அப்புறம் நீண்ட அமைதி, வயதானதும் மறுபடி ஏறும். ஆரம்ப ஏற்றத்தைக் கம்பெனி வாரண்டி பார்த்துக்கொள்கிறது. கடைசி ஏற்றம் தொடங்குவதற்குள் பெரும்பாலான எக்ஸ்டெண்டட் வாரண்டி முடிந்துவிடுகிறது. நடுவில் இருக்கிற தொட்டியின் அடித்தளத்தைத்தான் நமக்கு விற்கிறார்கள்.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். லாபம் பார்க்க இதை வாங்கினால் ஏமாற்றம்தான். ஒரு பெரிய பில் திடீரென்று வந்தால் வீட்டுக் கணக்கு ஆட்டம் கண்டுவிடுமா என்பதுதான் கேள்வி. ஆட்டம் காணாது என்றால் அதே பணத்தைத் தனியாகப் போட்டு வைப்பது நல்லது. (போட்டு வைத்தேன் ஒரு முறை. டயர் மாற்றும்போது எடுத்துச் செலவழித்துவிட்டேன். டயரும் காரைச் சேர்ந்ததுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.)

எந்தக் கார் என்பதும் முக்கியம். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், கையால் மாற்றுகிற கியர் உள்ள வண்டிக்கு நான் எடுக்கவே மாட்டேன். அதில் முதலில் தேய்வது கிளட்ச், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், புஷ் மாதிரியானவை, இவை பெரும்பாலும் தேய்மானம் என்ற தலைப்பில் வெளியே தள்ளப்பட்டவை. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், சிவிடி (கியர் படிகள் இல்லாத ஒரு வகை ஆட்டோமேட்டிக்), டர்போ, ஏர் சஸ்பென்ஷன், டாஷ்போர்டு முழுக்கத் திரை, பம்பருக்குள் ரேடார் என்று இருக்கிற வண்டியானால் யோசிக்கலாம், ஒரே ஒரு பாகத்தின் விலையே வாரண்டியின் விலையைத் தாண்டிவிடும். அதற்கு முன்னால், உங்கள் மாடலில் பலருக்கும் வருகிற பழுது ஏதாவது இருந்து, கம்பெனியே அதற்கு இலவசமாகக் காலத்தை நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நிஸான் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடி கியர்பாக்ஸுக்கு அமெரிக்காவில் வாரண்டியை 5 வருடத்திலிருந்து 10 வருடமாக நீட்டியது, அங்கே அந்த வண்டி வைத்திருந்தவர் கியர்பாக்ஸுக்குப் பயந்து தனியாகக் காசு கட்டியிருந்தால் தண்டம்தான். மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல கம்பெனிகள் தனியாகவே தருகின்றன. பேட்டரி பயத்தைக் காட்டி உங்களிடம் விற்க வந்தால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கியா ஐரோப்பாவில் 7 வருடம் அல்லது 1,50,000 கிலோமீட்டர் தருகிறது, அதற்கு மேலும் நீட்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது? எந்த வாரண்டியானாலும் வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு சரி. நிறைய ஓட்டுகிறவருக்கு "ஐந்து வருடம்" என்பது மூன்றரை வருடத்தில் தீர்ந்துவிடும்.

போனில் விற்கிறவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். "உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது" என்று பதிவு செய்த குரலில் வருகிற அழைப்புகள் அமெரிக்காவில் எந்த அளவுக்குப் போனதென்றால், 2022ல் அந்த நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் தலையிட்டு அவற்றைக் கடத்தக் கூடாது என்று தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது.

மூன்றாவது காருக்கு வருவோம். இதில் டர்போ, ஆட்டோமேட்டிக், பெரிய டச் ஸ்கிரீன் எல்லாம் உண்டு, எட்டு வருடமாவது வைத்திருக்கப் போகிறேன். டெலிவரி மேசையில் நீட்டிய தாளை மறுத்துவிட்டேன், விற்பனையாளர் முகம் சுருங்கிவிட்டது. கம்பெனி வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, கார் தயாரித்த கம்பெனியே தருகிற நீட்டிப்பை வாங்கினேன். முதல் நாள் சொன்ன விலையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இந்த வண்டியை வைத்துக்கொள்வேனா, வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுகிறேன், எது தொல்லை கொடுக்கிறது என்பதெல்லாம் மூன்று வருடத்தில் தெரிந்துவிட்டிருந்தது. வாங்கும் முன் ஒப்பந்தத்தை முழுதாகக் கேட்டு வாங்கி, எதற்குப் பொறுப்பில்லை என்ற பக்கத்தைத்தான் முதலில் படித்தேன். ஒவ்வொரு கிளெயிமுக்கும் என் கையிலிருந்து எவ்வளவு, கூலிக்கு உச்சவரம்பு உண்டா, பில்லை அவர்களே கட்டுவார்களா அல்லது நான் கட்டிவிட்டுப் பின்னால் அலைய வேண்டுமா என்று கேட்டேன். அதைவிட முக்கியமாக ஒன்று கேட்டேன்: பட்டியலில் இல்லாத ஒரு குழாய் வெடித்து, அதனால் இன்ஜின் சூடேறிக் கெட்டால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு சர்வீஸ் அட்வைசரிடம் பதில் இல்லை, மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் எழுத்தில் தந்தார்: குழாய் என் செலவு, பராமரிப்பு சரியாக இருந்தால் இன்ஜின் அவர்கள் செலவு.

ஐந்தாம் வருடத் தொடக்கத்தில் ஏசி கம்ப்ரஸர் போனது. சர்வீஸ் பில்களைக் கோப்பில் தேதிவாரியாக வைத்திருந்தேன் (இரண்டாவது கார் கற்றுக்கொடுத்த ஒழுக்கம்), அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவர்கள் கணினியிலேயே எல்லாம் இருந்தது. அனுமதி அன்று மாலையே வந்துவிட்டது. கம்ப்ரஸரும் கூலியும் அவர்கள் கணக்கு, கேஸும் ஆயிலும் என் கணக்கு. அந்த ஒரு வேலையிலேயே நான் கட்டியது ஏறக்குறைய ஈடாகிவிட்டது. ஆனால் பாகம் வர ஒன்பது நாள் ஆனது, அதுவரை மாற்று வண்டி கிடையாது. டச் ஸ்கிரீன் அடிக்கடி உறைந்து நின்றதற்கு இரண்டு தடவை சாப்ட்வேர் அப்டேட் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது தடவை வீடியோ எடுத்துக் காட்டிய பிறகுதான் மாற்றினார்கள். 5க்கு 4 தருகிறேன்.

போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது, ஆறாம் வருடத்துக்கும் நீட்டிக்கலாம் சார், இன்றே எடுத்தால் தள்ளுபடி உண்டு என்றார் அட்வைசர். ஒப்பந்தத்தை அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். விலைப் பட்டியலை அங்கேயே நின்றபடி வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். ஒப்பந்தம் இரண்டு நாளில் வரும் என்றார். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது, தள்ளுபடியை நினைவூட்டி நான்கு செய்தி வந்திருக்கிறது, ஒப்பந்தம் வரவில்லை.