மூலையில் நின்ற சைக்கிளுக்கு ஓவராயில்: தெருமுனைக் கடை வேலை எப்படி?

ராட் பிரேக் வைத்த பழைய 22 இன்ச், 24 இன்ச் ஃபிரேம் சைக்கிள் நாலைந்து வருஷம் வெயிலிலும் சாரலிலும் நின்றுவிட்டதா? அதை மறுபடி ரோட்டில் இறக்கத் தெருமுனை சைக்கிள் கடையில் செய்யும் ஓவராயிலைவிட நல்ல சர்வீஸ் கிடையாது. ஷோரூம்களில் ஜெனரல் சர்வீஸ் என்றால் பெரும்பாலும் கழுவுவது, செயினுக்கு எண்ணெய், பிரேக் டைட், காற்று, அவ்வளவுதான். தினமும் ஓடுகிற வண்டிக்கு அது போதும். நின்ற வண்டிக்குக் கோளாறெல்லாம் உள்ளே இருக்கிறது, பிரித்தால்தான் தெரியும். கியரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள வண்டி என்றால் ஷோரூமுக்கே கொண்டுபோங்கள்.

"அண்ணே, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று நிறுத்திவிட்டு வந்தால் மேல்வேலைதான் நடக்கும். "ரெண்டு ஹப், பி.பி., ஹெட் எல்லாத்தையும் பிரிச்சு, புது பால்ஸ் போட்டு, கிரீஸ் வைக்கணும்" என்று சொல்லுங்கள். ஹப் என்றால் சக்கரத்தின் நடுப்பாகம், பி.பி. என்றால் பெடல் அச்சு சுழலும் இடம், ஹெட் என்றால் ஹேண்டில் திரும்பும் கழுத்து, பால்ஸ் என்றால் இவற்றுக்குள் உருளும் இரும்புக் குண்டுகள். கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானை ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஹப்பைப் பிரித்தே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் கிரீஸ்தான். அசையாமல் நிற்கும்போது அதிலுள்ள எண்ணெய் பிரிந்து, மெழுகுபோல இறுகிய கசடு மட்டும் மிஞ்சும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால், பால்ஸ் உட்கார்ந்த இடத்திலேயே துரு அரித்து, அச்சில் பால்ஸைத் தாங்கும் கோனில் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். கோனைத் துடைத்துவிட்டு நகத்தை அதன் தடத்தில் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தக் கோன் ஆகாது. புது பால்ஸைப் பழைய கோனில் போட்டுக் கொடுப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கிற தவறு. சில வாரங்களிலேயே சக்கரம் கரகரக்கத் தொடங்கிவிடும். முன்சக்கரத்துக்கு 3/16 இன்ச் பால்ஸ் பக்கத்துக்கு 10, பின்சக்கரத்துக்குக் கால் இன்ச் பால்ஸ் பக்கத்துக்கு 9, பி.பி.க்குக் கால் இன்ச் பால்ஸ் பக்கத்துக்கு 11 வேண்டும். விலை அதிகமில்லை, எல்லாவற்றையுமே புதிதாகப் போட்டுவிடலாம். பால்ஸ் உட்காரும் கிண்ணமான கப்பை டீசலில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபிறகுதான் புது கிரீஸ் வைக்க வேண்டும். டீசல் ஈரம் இருந்தால் கிரீஸ் இளகி வெளியே வழிந்துவிடும்.

பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். உள்ளே இருக்கும் சின்னப் பல்லை மெல்லிய ஸ்பிரிங் ஒன்று தூக்கிப் பிடிக்கிறது. பிசுக்கில் அந்தப் பல் எழும்பாமல் போனால் பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. டீசலை விட்டுச் சுழற்றி அலசி, தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால்தான் புதியது.

பெடல் மாட்டியிருக்கும் தண்டான கிராங்கை அச்சோடு பூட்டுகிற ஆணிதான் காட்டர் பின். இந்த வேலையில்தான் கடைக்காரரின் கை தெரியும். நட்டைத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி பி.பி. கப்பில் போய் இறங்கும். புது பின்னை அரத்தால் ராவிப் பொருத்தும்போது இரண்டு பின்னும் எதிரெதிர் திசையில் இருக்க வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது காலுக்கு ஒரு நொண்டல் தட்டும். இடது பெடலுக்கு மரை தலைகீழ் என்பதால், வீட்டிலேயே கழற்ற நினைப்பவர்கள் வலப்பக்கம் திருப்ப வேண்டும்.

டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் தயங்காமல் மாற்றிவிடுங்கள். காற்றில்லாமல் நின்ற டயர் ரிம் அழுத்திய மடிப்பில் வெடித்திருக்கும். டியூப்பும் மடிப்பில்தான் விடும், அதை ஒட்டி ஒட்டி மாளாது. ரிம் டேப் மக்கிப்போனால் துருப்பிடித்த போக்ஸ் கம்பி முனை டியூப்பை உள்ளிருந்து குத்தும். அளவை டயரின் பக்கவாட்டில் பார்த்து வாங்குங்கள். பெரிய வண்டிக்கு 28 x 1½. லேடீஸ் சைக்கிள்களில் 26 என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. 26 x 1⅜ டயர் 26 x 1.75 ரிம்மில் உட்காராது.

கடைகள் சறுக்குவது பிரேக்கிலும் செயினிலும். மலிவான பிரேக் கட்டை கல்போல இறுகியிருக்கும், நனைந்த இரும்பு ரிம்மில் அது பிடிக்கவே பிடிக்காது. நகத்தால் அழுத்தினால் சற்றே உள்வாங்குகிற ரப்பராகக் கேளுங்கள். ராட் பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் பிடிப்பதால், சக்கரத்தின் கோட்டம் எடுக்கும்போது பக்கவாட்டு ஆட்டத்தோடு ரிம்மின் மேடு பள்ளத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுக்கு ஒரு தடவை பிரேக் வெடுக்கென்று பிடிக்கும்.

செயினை ஸ்கேல் வைத்து அளக்கலாம். புது செயினில் 24 கண்ணி சரியாக 12 இன்ச் வரும். 12 1/16 வந்தால் செயினை மாற்றுங்கள். 12 1/8 வந்துவிட்டால் செயினோடு ஃப்ரீவீலும் போக வேண்டும், செயின் வீல் பல்லையும் பார்த்துவிடுங்கள். தேய்ந்த பல்லில் புது செயின் ஏறி ஏறி வழுக்கும். வீட்டில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். டபிள்யூடி-40 துருப்பிடித்த நட்டை இளக்க நல்லது, செயினில் நின்று உழைக்காது. கண்ணிக்கு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, மேலே இருப்பதைத் துணியால் துடைத்தால் போதும்.

பெயின்ட், புது சீட் கவர், மணி எல்லாம் பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியை எடுக்கும்போது முன்சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுற்றிவிடுங்கள். வேகம் குறைந்து நிற்கப்போகும் சமயத்தில் சக்கரம் முன்னும் பின்னும் ஊசலாடி, கனமான பக்கம், பெரும்பாலும் வால்வு இருக்கும் பக்கம், கீழே வந்து நிற்க வேண்டும். நட்ட நடுவில் சட்டென்று நின்றால் கோன் இறுக்கம், ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது டக் டக் என்றால் தளர்வு. செயினை நடுவில் தூக்கினால் அரை இன்ச் ஏற வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரை முன்பின் தள்ளுங்கள், ஹெட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது.

ஒரு வாரம் ஓட்டியதும் காட்டர் பின் நட்டையும் போக்ஸ் கம்பிகளையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் பின் அமுங்கி உட்காரும், நட்டு தானாகத் தளரும். அப்படியே விட்டால் பின் கிராங்க் ஓட்டையைத் தின்றுவிடும், பிறகு கிராங்கையே மாற்ற வேண்டிவரும். அந்த இரண்டாவது டைட்டும் கூலியில் சேர்ந்ததுதானா என்று வண்டியை விடும் அன்றே கேட்டுவிடுங்கள்.