ஜவ்வாது மலையில் வானோக்கு இரவு: ஒரு மதிப்புரை

வேலூரைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் குழு, ஜனவரி அமாவாசையை ஒட்டி ஜமுனாமரத்தூர் பக்கம் நடத்திய வானோக்கு நிகழ்ச்சிக்கு நபருக்கு 600 ரூபாய் வாங்கினார்கள். இரவுச் சாப்பாடு சுமார்தான். ஆனால் பால்வழியின் சுருள் கரங்களில் இளம் விண்மீன்களும் வாயுவும் எப்படி நகர்கின்றன என்று அங்கே தந்த விளக்கத்துக்கே அந்தப் பணம் தகும்.

எட்டு அங்குலத் தொலைநோக்கியில் முதலில் காட்டியது பெர்சியஸ் இரட்டைக் கொத்து, அதாவது அருகருகே உள்ள இரண்டு விண்மீன் கூட்டங்கள். நீலவெண் புள்ளிகளுக்கிடையே செம்மஞ்சளாக ஓரிரு விண்மீன்கள் தனித்துத் தெரிந்தன. சுமார் 7,500 ஒளியாண்டுக்கு அப்பால், பால்வழியின் பெர்சியஸ் என்ற சுருள் கரத்தில் இருக்கும் இந்தக் கொத்து விண்மீன்களுக்கு வயது ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுகளே. சூரியன் பால்வழியை ஒருமுறை சுற்றிவரவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவ்வளவு இளையவை என்பதால், தாம் பிறந்த வாயுவின் ஓட்டத்தைப் பெரும்பாலும் இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன.

சுருள் கரம் என்பது நிலையான பொருளன்று, விண்மீன்களும் வாயுவும் நெருங்கிக் கடந்துபோகும் ஓர் அலை என்பது, லின், ஷு என்ற ஆய்வாளர்கள் 1964இல் முன்வைத்த அடர்த்தி அலைக் கோட்பாடு. அதை விளக்க, காட்பாடி மேம்பாலத்து நெரிசலை எடுத்துக்கொண்டார்கள்: வண்டிகள் மாறிக்கொண்டே இருக்க, நெரிசல் மட்டும் நிற்கிறது. விண்மீன்களுக்கு இது பொருந்தும். ஒன்றோடொன்று மோதாமல் அவை கரத்தைக் கடந்துவிடும். வாயு அப்படியன்று. ஒலியை மிஞ்சிய வேகத்தில் வந்து மோதி, அதிர்வலையில் நசுங்கி, அங்கேதான் புதிய விண்மீன்களாகத் திரள்கிறது. இந்த வேறுபாட்டை யாரோ கேட்ட பிறகுதான் சொன்னார்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மிகச் சிறந்த பகுதி, பெர்சியஸ் கரத்திலேயே உள்ள டபிள்யூ3 என்ற விண்மீன் பிறப்பிடத்தைப் பற்றியது. வாயு வட்டப்பாதையில் மட்டுமே சுற்றுகிறது என்று கொண்டு வேகத்திலிருந்து தொலைவைக் கணக்கிட்டால் 14,000 ஒளியாண்டு வரும். அங்குள்ள மெத்தனால் மேசர்களின் (லேசர் போலச் செறிந்த ரேடியோ அலைகளை உமிழும் வாயுத் திட்டுகளின்) இடமாறு தோற்றத்தை, அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் அவை இடம் மாறித் தெரியும் அளவை, ரேடியோ தொலைநோக்கிகளால் அளந்து 2006இல் வெளியான முடிவோ சுமார் 6,400 என்றது. காரணம், அந்த வாயு பால்வழிச் சுழற்சிக்குப் பின்தங்கி, மையத்தை நோக்கியும் சரிகிறது. வட்ட ஓட்டத்திலிருந்து அதன் விலகல் நொடிக்கு ஏறத்தாழ 22 கி.மீ.

அத்தனை பேருக்கும் ஒரே தொலைநோக்கி என்பது பெரிய குறை. வரிசையில் நின்றே பாதி நேரம் போயிற்று. கையில் ஒரு வான்வரைபடத்தாளாவது தந்திருக்கலாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துச் செல்லலாம். அதற்கும் சிறியவர்கள் தூங்கிவிடுவார்கள். சொந்தப் பைனாகுலரும் ஸ்வெட்டரும் கட்டாயம் வேண்டும்.