வேலைக்குப் போகும் அம்மாக்கள் எந்த பிரெஸ்ட் பம்பு வாங்கலாம்?

நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்துக்குப் போகும் பெண்களுக்கு ஆபீஸில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தால் பெரிய பயனில்லை. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்கிறது சட்டம். பிள்ளையோ சுமார் 80 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் பாட்டியிடம் இருக்கிறது. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்ததும், பாலை நிறுத்துவதா வேலையை விடுவதா என்ற பேச்சு எழுகிறது. நன்றாக சாஃப்ட்வேர் கோடு (code) எழுதும் பெண்கள் இந்தக் கட்டத்தில் ஒதுங்கிப்போவது பெரிய இழப்பு. ஆபீஸிலேயே தாய்ப்பாலை எடுத்து வைக்க சரியான பம்பு இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

உள்ளாடைக்குள் வைக்கும் வயரில்லாத வகை பார்க்க வசதிதான். ஆனால் காம்பு நடுவில் இருக்கிறதா என்று தெரியாது, குனிந்தால் சிந்தும். தினமும் எடுப்பவர்களுக்கு மோட்டார் தனியாக இருந்து, டியூப் வழியாக இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும் வகையே நல்லது. 15-20 நிமிடத்தில் முடியும். மோட்டாருக்குள் பால் ஏறாத 'குளோஸ்ட் சிஸ்டம்' தானா என்று பார்த்து வாங்குங்கள்.

"வலிக்குது, பால் வரலை" என்று பம்பை மூலையில் போட்டவர்கள் பலருக்கும் கோளாறு மார்பில் பொருத்தும் புனலின் அளவில்தான். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 அல்லது 28 மி.மீ. காம்பின் விட்டத்தை அளந்து, அதைவிட 1 முதல் 3 மி.மீ. கூடுதலாக எடுங்கள். 17, 19 தேவைப்படுபவர்களும் உண்டு. அளவைக் குறைக்கப் புனலுக்குள் செருகும் சிலிகோன் துண்டு தனியாகக் கிடைக்கிறது. வலிக்கும் அளவுக்கு இழுவையைக் கூட்டினால் பால் கூடாது, குறையத்தான் செய்யும்.

திடீரென்று இழுவை குறைந்தால், மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் பம்பில் வாத்து அலகு போல இருக்கும் சின்ன ரப்பர் வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே பிளவு திறந்து நின்றால் அது போய்விட்டது. பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்தால் சீக்கிரம் கிழியும். தினசரி உபயோகத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் மாற்ற வேண்டி வரும் என்பதால், ஸ்பேர் கிடைக்காத பிராண்டை வாங்கவே வேண்டாம்.

எடுத்த பால் 25 டிகிரிவரை 4 மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அதை நம்ப முடியாது. உடனே கூலர் பையில் வையுங்கள். நன்றாக உறைந்த ஐஸ் பேக்கோடு 24 மணி நேரம் இருக்கும், கழக்கூட்டத்திலிருந்து வீடு வந்து சேரத் தாராளம். ஃபிரிட்ஜின் உள்தட்டில் 4 நாள். கதவுத் தட்டு கூடாது. மேலே கொழுப்பு ஆடைபோல மிதப்பதைப் பார்த்து, "திரிஞ்சு போச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் கொட்டிவிட வாய்ப்புண்டு. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளிர் போக, வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தாலே போதும். அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம்.

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. தாழ்ப்பாள் உள்ள அறை, பிளக் பாயின்ட், கை கழுவ இடம் மூன்றையும் விடுப்பில் இருக்கும்போதே ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கழிப்பறையில் போய் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.