மலைக்குளிரில் ஐந்து பார்பிகியூ அடுப்புகள்: எதை வைப்பது, எதை விற்பது?

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஐந்து பார்பிகியூ அடுப்புகள் நிற்கின்றன. விதை உருளைக்கிழங்கு மூட்டை அடுக்க இடமில்லை என்று வீட்டில் சொல்லத் தொடங்கி ரொம்பக் காலமாகிறது. இரண்டை வைத்துக்கொண்டு மூன்றை விற்பது என்று ஒருவழியாக முடிவாகிவிட்டது. எந்த இரண்டு என்பதில்தான் தகராறு. கொழும்பு நண்பர்கள், காணொளி பார்த்தே சமையல் கற்ற அக்கா மகன் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: உருண்டைக் கெட்டிலை, அதாவது மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பை வை, மற்றதைத் தள்ளிவிடு. நான் கெட்டிலைத்தான் விற்கப் போகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது நுவரெலியாப் பக்கம். இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். ஏப்ரல் சீசனில் வருகிறவர்கள் அறை வாடகையைக் கேட்பதற்கு முன்பே பார்பிகியூ போடலாமா என்று கேட்பார்கள். அப்படித்தான் இவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பாதி, நாட்டை விட்டுப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போனவை.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. இங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். அதே அளவு காற்றில் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. அதனால் எந்தக் கரி அடுப்பாக இருந்தாலும் காற்றுத் துளையைப் புத்தகம் சொல்வதைவிடத் தாராளமாகத் திறக்க வேண்டும். தண்ணீர் 94 பாகை செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். அப்புறம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, மாலையானால் மூடுபனி, ஜனவரி விடியலில் சில நாட்கள் உறைபனி. வெயிலில் அரைக்கால் சட்டையோடு நின்று இறைச்சி சுடுகிறவர் எழுதும் மதிப்புரை நமக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

முதலில் கேஸ் கிரில். இரண்டு பர்னர், பக்கத்தில் மடக்குப் பலகை. இதைப் பற்றி அதிகம் யோசிக்கவே இல்லை, போகட்டும். சமையல் எரிவாயுவில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேனின் கொதிநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. குளிர் ராத்திரியில், அதுவும் 5 கிலோ சிலிண்டரில் இரண்டு பர்னரையும் முழுதாகத் திறந்தால், வாயு வெளியேற வெளியேற சிலிண்டர் தானே குளிர்ந்து, தீ சிறுத்துப் போகும். 12.5 கிலோ சிலிண்டரில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதைச் சமையலறையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தால் ராத்திரித் தேநீருக்கு வழியில்லை. 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்ற ஞாபகம் வேறு இன்னும் போகவில்லை. வாங்குகிறவருக்கு ஒரு குறிப்பு: சும்மா கிடக்கும் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும். தீ மஞ்சளாக எரிந்தால் முதலில் அந்தக் குழாயைத் தட்டிப் பாருங்கள். இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்த்த பிறகுதான் கொடுப்பேன்.

அடுத்தது, நெட்டையாக நிற்கும் தண்ணீர்ச் சட்டி ஸ்மோக்கர், புகையில் மெதுவாக வேக வைக்கும் அடுப்பு. கீழே கரி, நடுவில் தண்ணீர்ச் சட்டி, மேலே இரண்டு தட்டு. மீனுக்கு அருமையான சாமான். ஆனால் மெல்லிய தகடு. காற்று அடித்தால் சூடு நிற்காது, குளிரில் கரியின் பாதிச் சக்தி அந்தத் தண்ணீரைச் சூடாக்கவே போய்விடும். தண்ணீருக்குப் பதிலாகக் காய்ந்த மணலை நிரப்பி அலுமினியத் தாளால் மூடினால் சூடு ஓரளவு நிற்கிறது. இதுவும் போகிறது. கடற்கரையில் இருக்கும் யாராவது வாங்கினால் சந்தோஷப்படுவேன்.

இனி கெட்டில். 1952இல் சிகாகோவில் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை செய்த வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் கடல் மிதவைக்குச் செய்யும் அரைக்கோளத்தை அடுப்பாக்கினார். இந்த வடிவம் அங்கிருந்து வந்ததுதான். என்னிடம் இருப்பது அதே வடிவில் வேறொரு கம்பெனி செய்த 57 சென்டிமீட்டர் அடுப்பு. எனாமல் பூச்சு இந்த ஈரத்திலும் துருப்பிடிக்கவில்லை. கால்களும் சாம்பல் தட்டும் மட்டும் துருப்பிடித்தன. ஒரு பக்கம் கரியைக் குவித்து மறுபக்கம் கோழியை வைத்து மூடினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, வேலை முடிந்தது. கற்றுக்கொள்ளவும் சுலபம். குறை சொல்ல மனம் வரவில்லை.

அப்படியிருந்தும் ஏன் விற்கிறேன்? கரிதான் காரணம். நான் எரிப்பது சிரட்டைக் கரி. நல்ல சூடு, புகை குறைவு, சாம்பலும் குறைவு. ஆனால் இந்த மலையில் தென்னை ஏது? குருநாகல், புத்தளம் பக்கமிருந்து லொறி ஏறி வர வேண்டும். இங்கே வந்து சேரும்போது விலையில் பயணக் கூலியும் சாக்கில் ஈரமும் ஏறியிருக்கும். ஈரக் கரி வெடித்துப் பொறி பறக்கும். கெட்டிலின் ஒற்றைத் தகட்டு மூடி வெளிக்குளிருக்குச் சூட்டை வாரிக் கொடுக்கிறது. காற்றடிக்கும் ஆடி மாத மாலையில் நீண்ட நேரச் சமையல் என்றால் கரியைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிரட்டைக் கரி மெல்லிய ஓடு, சீக்கிரம் எரிந்து தீரும். கண்டியிலோ மாத்தளையிலோ இருப்பவருக்கு இந்தக் கெட்டிலைவிட நல்ல அடுப்பு சொல்ல மாட்டேன். அங்கே அது அங்கத்தைய வேலையைப் பார்க்கட்டும்.

நான் வைத்துக்கொள்வது பீங்கான் அடுப்பு. வீட்டில் எல்லாரும் முட்டை என்றே சொல்வோம். ஜப்பானில் சோறு சமைத்த மூஷிகமாடோ என்ற மண் அடுப்பிலிருந்து வளர்ந்த வடிவம் இது. 1974இல் எட் ஃபிஷர் அட்லாண்டாவில் பிக் கிரீன் எக் கம்பெனியைத் தொடங்கிய பிறகு உலகமெங்கும் பரவியது. என்னுடையது பெயர் தெரியாத ஒன்று, 80 கிலோவுக்குக் கிட்ட வரும். தடித்த சுவர் ஒருமுறை சூடேறினால் வெளியே என்ன காற்றடித்தாலும் உள்ளே 120 பாகை அப்படியே நிற்கும். கெட்டில் தின்னும் கரியில் பாதிகூடத் தேவைப்படாது. ராத்திரி இறைச்சியை எடுத்த பிறகு துளைகளை இறுக மூடினால் தீ அணைந்து, மிச்சக் கரி மறுநாளுக்குக் கிடைக்கும். காலையில் விருந்தினருக்கு ரொட்டி சுடுவதும் அந்த மிச்சக் கரியில்தான்.

இதற்கும் சில கெட்ட குணங்கள் உண்டு. ஒன்று, பூஞ்சணம். மழைக்காலத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு மூடி வைத்துவிட்டால், சில வாரத்தில் உள்ளே வெள்ளையும் பச்சையுமாக முடி முளைத்திருக்கும். சுரண்டித் துடைத்து, கம்பித் தட்டைக் கழுவி, வெறும் அடுப்பை நன்றாக எரித்துவிட்டால் போய்விடும். அதைவிட, சும்மா இருக்கும்போது மேல் கீழ்த் துளைகளைத் திறந்தே வைப்பது நல்லது. இரண்டு, ஈரம் குடித்த பீங்கானை எடுத்தவுடன் கொழுந்துவிட்டு எரிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி விரிசல் விடும். அரை மணி நேரமாவது சிறு தீயில் காய விட வேண்டும். மூன்று, சூடு ஏறிய நிலையில் மூடியைச் சட்டென்று திறந்தால் புதுக் காற்று பாய்ந்து தீ முகத்துக்கு எழும். இரண்டு விரல் திறந்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் முழுதாகத் திறக்க வேண்டும். பிள்ளைகளை இந்த அடுப்பைத் தொட விடுவதில்லை.

வைத்துக்கொள்ளும் இரண்டாவது அடுப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். 200 லீட்டர் எண்ணெய் டிரம்மில் நாங்களே செய்வித்தது. சமையல் எண்ணெய் வந்த டிரம், அடியில் காற்றுக்கு மூன்று குழாய், உள்ளே கரிக் கூடை, மேலே குறுக்கே இரண்டு கம்பி, கம்பியில் கொக்கி. தோட்டத்தில் கிருமிநாசினி வந்த டிரம் சும்மா கிடைக்கும், அதைத் தொடவே கூடாது. கல்வனைஸ் கம்பி வலையும் வேண்டாம், சூடேறினால் நாகப் புகை கக்கும், காய்ச்சல் வரும். டிரம்மின் உள்பூச்சை முதலில் விறகு போட்டு முழுக்க எரித்துத் தள்ளினோம்.

இதன் தகடும் மெல்லியதுதானே, கெட்டிலுக்குச் சொன்ன குறை இதற்கில்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் டிரம்மில் விறகு எரிக்கலாம், விறகுதான் இங்கே நம்மிடம் இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு கிடைக்கும் மிலாறுக் குச்சி, பழைய தேயிலையைப் பிடுங்கும்போது வரும் கட்டை, வேலியோரக் கொய்யா. ஒரு வருடமாவது கூரைக்கடியில் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாகப் போட்டால் வெள்ளைப் புகை எழுந்து இறைச்சி கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய நீலப் புகைதான் வேண்டும். டர்பன்டைன் மரமும் பைனும் ஆகவே ஆகாது. கொய்யாப் புகைக்கு இனிப்பான மணம், கோழிக்குப் பொருத்தம். தேயிலைக் கட்டையின் புகை கொஞ்சம் கடுமை, பன்றிக்குத்தான் அது. வறுத்த கறித்தூள், மிளகு, அரைத்த கொரக்காப் புளி பூசித் தொங்கவிட்ட பன்றியிலிருந்து கொழுப்புச் சொட்டித் தணலில் விழும்போது எழும் வாசனை, தோட்ட லயத்து வீட்டு அடுப்புக்கு மேலே அம்மா கட்டித் தொங்கவிடும் உப்புக்கண்டத்தை ஞாபகப்படுத்தும். எட்டு அரைக் கோழிகள் ஒரே நேரத்தில் தொங்கும். முட்டையில் அவ்வளவு கூட்டத்துக்குச் சமைக்க முடியாது. அதோடு டிரம்மை விற்றால் பழைய இரும்புக் கடை விலைதான் கிடைக்கும், துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் இன்னொன்று செய்வதும் பெரிய காரியமில்லை.

பன்றியின் தோள் துண்டைச் சமைப்பவர்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டுக் குறிப்புகள் உள்வெப்பம் 95 பாகை வரும்வரை விடச் சொல்லும். இந்த உயரத்தில் இறைச்சிக்குள் இருக்கும் நீரே 94ஐ ஒட்டிக் கொதிக்கத் தொடங்கிவிடும். அந்த எண்ணைத் துரத்தினால் இறைச்சி காய்ந்து நாராகும். 90ஐத் தாண்டியதும் ஒரு மெல்லிய கம்பியைக் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம். கோழிக்கு இந்தக் குழப்பம் இல்லை, தொடையின் நடுவில் 74 பாகை வந்தால் சரி. இதற்கு ஒரு தெர்மோமீட்டர் கட்டாயம். ஐந்து அடுப்புகளையும் விற்றாலும் அதை விற்க மாட்டேன்.

விலை விஷயம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குக் கிட்டப் போனது. இறக்குமதிச் சாமானை அதற்கு முன்பு வாங்கி வைத்திருந்தவர்கள் இன்று பழையதாகவே விற்றாலும் போட்ட காசு பெரும்பாலும் திரும்பி வரும். கெட்டிலுக்கு ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேஸ் கிரில்லுக்கு ஒருவரும் இல்லை. முட்டைக்கு மற்றெல்லாவற்றையும்விட நல்ல விலை வரும். பக்கத்து வீட்டுத் தம்பி, “அண்ணே, அதக் குடுத்தா மத்த நாலையும் வச்சுக்கலாமே” என்று கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரிதான். ஆனால் நாலையும் வைத்தால் உருளைக்கிழங்கு மூட்டை எங்கே போகும்?

கெட்டிலை ஆட்டோவிலேயே ஏற்றி அனுப்பலாம், மூடியைத் தனியாகச் சாக்கில் சுற்றித் தருவேன். ஸ்மோக்கரோடு மணல் நிரப்பிய சட்டியும் வரும். கேஸ் கிரில்லை வந்து எரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், சிலிண்டர் உங்களுடையது. டிரம்மின் கரிக் கூடை இற்றுவிட்டது, புதிதாக ஒன்று அடிக்க வெல்டிங் கடையில் சொல்லியாயிற்று.