அரிசி ஆலைக்கு எந்த அடித்தளம்: ஓடூவா, ஃபிராப்பேவா, ஸ்பிரிங் மாடுலித்தா?

மன்னார்குடி, கும்பகோணம் வட்டாரத்தில் ஓர் அரிசி ஆலைக்கு மென்பொருள் செய்ய உட்கார்ந்தால் வேலை தானாகவே கூறுகளாகப் பிரிந்துவிடும்: நெல் வரத்து, அரவை, இருப்பு, விற்பனை, கணக்கு. கணக்கும் இருப்பும் எந்த ஊருக்கும் பொதுவானவை. வரத்தும் அரவையும் அப்படியல்ல. குறுவைக்கு ஒரு மாதிரி, சம்பாவுக்கு வேறு மாதிரி. ஈரப்பத வரம்பு வழக்கமாக 17 சதவீதம், மழை ஆண்டில் அதற்கும் தளர்வு வரும். இப்படி அடிக்கடி மாறும் கூறுகளை நாமே எழுதியாக வேண்டும். அவை அடுத்த பதிப்புக்கு மாறும்போது உடையாமல் நிற்குமா என்று பார்த்துத்தான் அடித்தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓடூ என்பது கணக்கு, இருப்பு, விற்பனை ஆகியவற்றுக்கான ஆயத்த நிறுவன மென்பொருள். பைதான் மொழியில் எழுதப்பட்டது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மேல் ஓடுவது. ஒவ்வொரு மாட்யூலும் (கூறும்) ஒரு கோப்புறை. எந்தெந்த மாட்யூலைச் சார்ந்திருக்கிறது என்பதை அதன் மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதிவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள மாடலை (தரவு வரையறையை) இன்ஹெரிட் செய்து, அதாவது அதன் மேல் நீட்டி, ஈரப்பதப் புலத்தைச் சேர்ப்பது பத்து வரி வேலை. ஒரே மாடலைப் பல மாட்யூல்கள் நீட்டலாம், எல்லாம் சங்கிலியாக ஓடும். ஒருவர் தன் ஃபங்ஷனில், சங்கிலியின் அடுத்த ஃபங்ஷனை இயக்கும் சூப்பர் அழைப்பை விட்டுவிட்டால் மற்ற மாட்யூல்களின் வேலை பிழைச்செய்தி ஏதுமின்றி நின்றுபோகும், ஆகவே நிரலை மற்றவர் சரிபார்க்கும்போது முதலில் தேட வேண்டியது அதைத்தான். திரைகளில் எக்ஸ்பாத் என்னும் முகவரிக் குறிப்பால் இடம் சுட்டிப் புலம் செருகுகிறோம். புதிய பதிப்பில் அந்தத் திரையின் அமைப்பு மாறினால் நம் மாட்யூல் ஏறாது. பெரிய பதிப்பு ஆண்டுக்கு ஒன்று வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு மூன்று ஆண்டு. இலவசமான கம்யூனிட்டி பதிப்பில் முழுக் கணக்கியல் கிடையாது என்பதையும் விலை பேசும்போதே ஆலைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

மும்பையில் உருவான ஃபிராப்பே, மென்பொருள் கட்டுவதற்கான சட்டகம். இதுவும் பைதான்தான், வழக்கமாக மரியாடிபி தரவுத்தளத்தோடு. இதன் அச்சாணி டாக்டைப், அதாவது ஓர் ஆவண வகையின் வரையறை. 'எடைச் சீட்டு' என்று ஒரு டாக்டைப் வரைந்தால் டேபிள், படிவம், அனுமதிகள், பிற மென்பொருள் தொடர்புகொள்ளும் ஏபிஐ நான்கும் சேர்ந்தே வந்துவிடும். நிகழ்வுகளோடு நம் நிரலை இணைக்கும் ஹூக்ஸ் கோப்பில் ஒரே நிகழ்வுக்குப் பல ஆப்கள் காது கொடுக்கலாம், சண்டை வராது. ஆனால் ஒரு டாக்டைப்பை இயக்கும் நிரலான கிளாஸையே இரண்டு ஆப்கள் ஓவர்ரைடு செய்தால் (தம்முடையதை அதன் இடத்தில் வைத்தால்) கடைசியாக நிறுவியதுதான் செல்லும். கூடியமட்டும் நிகழ்வுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொரு பொறி: பிரவுசரிலேயே சேர்த்த கஸ்டம் புலம் அந்தத் தளத்தின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். ஃபிக்ஸ்சர் என்னும் கோப்பாக ஏற்றுமதி செய்து ஆப்புக்குள் வைக்காவிட்டால், சோதனைச் சர்வரில் ஓடியது ஆலையில் ஓடாது. இதன் மேல் எழுந்த ஆயத்த நிறுவன மென்பொருளான ஈஆர்பி நெக்ஸ்டில் கணக்கியல் உட்பட எல்லாம் திறந்த மூலம். ஜிஎஸ்டிக்குத் தனி ஆப் சேர்க்க வேண்டும்.

இரண்டும் உண்மையில் வேறுபடுவது அரவையில். அரசு அரவைக்கு 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் 68 கிலோ, பச்சை 67 கிலோ என்பது கணக்கு. மீதியில் தவிடும் உமியும் உண்டு, அவற்றுக்கும் விலை உண்டு. சாதாரணத் தொழிற்சாலையில் பல பொருள் போய் ஒன்று வரும், இங்கே ஒன்று போய்ப் பல வருகிறது. ஓடூவில் துணைப்பொருளுக்குச் செலவுப் பங்கைச் சதவீதமாகவே கொடுக்கலாம். ஈஆர்பி நெக்ஸ்டின் 15ஆம் பதிப்பில் தவிட்டை ஸ்கிராப் பட்டியலில் வைத்து அதன் மதிப்பை அரிசியின் அடக்கத்திலிருந்து கழிக்க வேண்டும். தவிட்டு விலை ஏறி இறங்கும்போதெல்லாம் அரிசி அடக்கமும் ஆடும். இந்த ஓர் இடத்தில் ஓடூவே மேல்.

மூட்டைக் கணக்கில் நிலைமை தலைகீழ். கொள்முதல் நிலையச் சிப்பம் 40 கிலோ, கடைக்குப் போகும் அரிசி 25 அல்லது 26 கிலோ. ஓடூவில் அலகின் மாற்று விகிதம் எல்லாப் பொருளுக்கும் ஒன்றே, ஆகவே 'மூட்டை 40', 'மூட்டை 26' என்று தனித்தனி அலகு தேவை. ஈஆர்பி நெக்ஸ்டில் பொருளுக்குப் பொருள் விகிதம் வைக்கலாம். எதுவானாலும் இருப்பு கிலோவிலேயே இருக்கட்டும். 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய பைக்கு ஜிஎஸ்டி உண்டு, 26 கிலோ பைக்கு இல்லை. அதனால் இரண்டையும் தனிப் பொருள்களாகவே பதியுங்கள்.

ஸ்பிரிங் மாடுலித் வேறு வகை: ஆயத்த மென்பொருள் அல்ல, நாமே எழுதும் ஜாவா நிரலைக் கூறுகளாகப் பிரித்துக் காக்கும் கருவி. 1.0 பதிப்பு 2023இல் வந்தது. ஜாவாவில் முதன்மைப் பேக்கேஜுக்கு (நிரல் தொகுப்புக்கு) நேர்க்கீழே உள்ள ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு மாட்யூல். ஒன்றின் உள்ளறைக்குள் மற்றொன்று கை நீட்டினாலோ, இரண்டும் வட்டமாக ஒன்றையொன்று சார்ந்தாலோ வெரிஃபை சோதனை தோற்கும். எல்லையை இவ்வளவு கறாராகக் காப்பது மூன்றில் இது ஒன்றுதான். வரத்து மாட்யூல் அனுப்பும் நிகழ்வைக் கணக்கு மாட்யூல் முடிக்கும்வரை ஒரு டேபிளில் நிலுவையாக வைத்திருக்கும். ஆனால் சர்வர் மறுபடி எழும்போது நிலுவையைத் தானாக அனுப்பாது, அதற்கான செட்டிங்கை நாம்தான் இயக்க வேண்டும். அப்போது ஒரே நிகழ்வு இரண்டு முறை வரலாம், எடைச் சீட்டு எண்ணை வைத்து இரட்டைப் பதிவைத் தடுங்கள். கணக்கும் ஜிஎஸ்டியும் முதல் வரியிலிருந்து நாமே எழுத வேண்டியிருப்பதால், பல ஆலைகளுக்கு ஒரே பொருளை விற்கும் நிறுவனத்துக்கே இது கட்டும். ஓர் ஆலைக்காக, ஒவ்வொரு கூறையும் தனி நிரலாக ஓட்டும் மைக்ரோசர்வீஸ் வரை போவது வீண்செலவு.

ஒரே ஆலை, உள்ளூரில் ஒரு டெவலப்பர் என்றால் ஃபிராப்பேதான் எங்கள் தேர்வு. உரிமக் கட்டணத்துக்கு வழியிருந்து, துணைப்பொருள் அடக்கம் துல்லியமாக வேண்டுமென்றால் ஓடூ.

பதிப்பு மாற்றத்தை ஏப்ரல், மே மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடூவின் புதிய பதிப்பு குறுவை அறுவடை நேரத்தில்தான் வழக்கமாக வரும், அப்போது தொட வேண்டாம். பேக்கப்பை வேறு கணினியில் ஏற்றி, தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் மைக்ரேட் ஓட்டி, ஒரு பழைய லோடை எடைமேடையிலிருந்து பில் வரை கொண்டுபோங்கள். முடிவில் இருப்பின் கிலோவும் ரூபாயும் பழைய சர்வரோடு ஒத்துப்போகாவிட்டால் காரணம் தெரியும்வரை மாற்றாதீர்கள்.