ஃப்ரீசர்ஃபர்: பல வருஷம் பயன்படுத்திய பிறகு

ஃப்ரீசர்ஃபர் என்பது எம்ஆர்ஐ ஸ்கேனிலிருந்து மூளையின் மேற்பரப்பை வரைந்து அளவெடுத்துத் தரும் மென்பொருள். அதன் முக்கியக் கட்டளையான ரீகான்-ஆல் ஓடி முடிந்ததும் லாக் கோப்பின் கடைசி வரியில் ‘ஃபினிஷ்டு வித்தவுட் எரர்’ என்று வரும். ஃப்ரீசர்ஃபரைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன். இத்தனை காலமும் என்னை விடாமல் கடுப்பேற்றுவது இந்த ஒரு வரிதான்.

கட்டளைகள் நடுவில் நிற்காமல் ஓடின என்பதைத்தான் அது சொல்கிறது. மூளையின் எல்லைக் கோடுகள் சரியான இடத்தில் விழுந்தனவா என்று அதற்குத் தெரியாது. ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததுமே ஸ்டாட்ஸ் கோப்பிலிருந்து எண்களை எடுத்து எக்செலில் ஏற்றிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு ஜூனியர் வந்து, "அக்கா, எல்லாமே எரர் இல்லாம முடிஞ்சிருச்சு. இந்த ஒருத்தருக்கு மட்டும் டெம்போரல் போல்ல தடிமன் ஏன் இவ்வளவு கூட வருது?" என்று கேட்டார்.

ஃப்ரீவியூ என்ற அதன் படம் பார்க்கும் கருவியில் திறந்து, கரோனல் வெட்டில் (முன்னிருந்து பின்னாக) ஒவ்வொரு ஸ்லைஸாக நகர்த்திப் பார்த்தோம். முன்பக்கம் எல்லாம் அழகாக இருந்தது. டெம்போரல் முனைக்கு (பக்கவாட்டு மடலின் முன்நுனி) வந்ததும், சாம்பல் பகுதியின் வெளி எல்லையைக் காட்டச் சிவப்பில் போட்டிருந்த பயல் கோடு, அந்தப் பகுதியைத் தாண்டி டூரா (மூளையை மூடியிருக்கும் தடித்த உறை) மேல் ஏறிக் கிடந்தது. டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் டூராவும் சாம்பல் பகுதியும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில் தெரியும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மென்பொருள் ஏமாந்துபோகும். கார்ட்டெக்ஸின், அதாவது மூளையின் வெளிப்புறச் சாம்பல் அடுக்கின், சராசரித் தடிமனே சுமார் 2.5 மி.மீ.தான். அதில் கோடு 1 மி.மீ. தள்ளி விழுந்தால் அந்த இடத்து அளவை வைத்து என்ன ஆராய்ச்சி செய்ய?

சரிசெய்ய வழி இருக்கிறது. மண்டையோட்டை நீக்கிய படமான பிரெயின்மாஸ்க்கைத் திறந்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டூரா வோக்சல்களை (படத்தின் குட்டிக் கனசதுரங்களை) அழித்துவிட்டு, பயல் கட்டத்தை மட்டும் திரும்ப ஓட்ட வேண்டும். வெள்ளைப் பகுதி விட்டுப்போயிருந்தால் ‘இது வெள்ளைப் பகுதி’ என்று குறிக்கும் கண்ட்ரோல் பாயின்ட் வைக்க வேண்டும். டி2 என்ற இன்னொரு வகைப் படமும் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. அதில் டூரா கருப்பாகத் தெரிவதால் கோடு ஒழுங்காக நின்றுவிடும். பழைய ஸ்கேன்களுக்கு டி2 கிடையாது, கைவேலைதான்.

என் ஆதங்கம் இதுதான்: திருத்துவதற்கு முன்னால் மேற்பரப்பில் எத்தனை ஓட்டைகள் இருந்தன என்பதை இந்த மென்பொருளே எண்ணி ஏசெக் ஸ்டாட்ஸ் கோப்பில் எழுதிவைக்கிறது. ஆள் அசைந்து கெட்டுப்போன ஸ்கேன்களில் அந்த எண் எகிறி நிற்கும். டூரா சிக்கலை அது காட்டாது, உண்மைதான். ஆனாலும் அந்த எண்ணை லாக் கோப்பின் கடைசி வரிக்குப் பக்கத்தில் போட்டு, ‘படத்தைத் திறந்து பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எத்தனை தவறான எண்கள் ஆய்வேடுகளுக்குள் போகாமல் தடுக்கலாம்!

இன்னொரு சின்னத் தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால், ஸ்கிரிப்ட்ஸ் அடைவுக்குள் ‘ஈஸ்ரன்னிங்’ என்ற கோப்பு அப்படியே கிடக்கும். திரும்ப ஓட்டினால் ‘ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று மறுக்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு திட்டினாலும், பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் மார்டினோஸ் மையத்தார் செய்திருப்பது பெரிய வேலை. டேல், ஃபிஷல், செரினோ மூவரும் 1999இல் எழுதிய கட்டுரைகளில் சொன்ன யோசனை, அதாவது மடிந்து சுருங்கிக் கிடக்கும் கார்ட்டெக்ஸை ஒரே தாளாகப் பிரித்தெடுப்பது, இன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் செய்யலாம். பதிவுசெய்தால் இலவச உரிமக் கோப்பு ஒன்று தருவார்கள், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. உப்பிய மேற்பரப்பில் சல்கஸ்களின் (மடிப்புப் பள்ளங்களின்) அடி தெரியும்போது எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது. அளவுகள் வரும் ஸ்டாட்ஸ் கோப்புகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள், எந்த எடிட்டரிலும் திறக்கும்.

2025இல் வந்த 8ஆம் பதிப்பில் ஆழ்கற்றல் முறைகள் உள்ளே வந்துவிட்டன. முன்பு ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்த்த வேலை இப்போது நன்றாகவே வேகமாக முடிகிறது, ஆனால் ரேம் நிறைய கேட்கிறது. பழைய பதிப்பில் பாதி ஆட்களை முடித்துவிட்டு மீதியைப் புதியதில் ஓட்டிவிடாதீர்கள். பதிப்பு மாறினால் மட்டுமல்ல, இயங்குதளம் மாறினாலே அளவுகள் மாறுகின்றன என்று 2012லேயே காட்டியிருக்கிறார்கள். ஆய்வு முடியும்வரை ஒரே பதிப்பு, ஒரே கணினி.

அப்புறம், ‘ஆய்வுக்கு ஃப்ரீசர்ஃபரைப் பயன்படுத்தலாமா?’ என்று கேட்பவர்களுக்கு: இதைவிட நல்ல கருவி என் கைக்கு வந்ததில்லை. இருந்தாலும், ஆய்வேட்டுக்கு நாலு மாசம்தான் இருக்கிறது, நூறு பேருடைய ஸ்கேனை ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பார்க்க நேரமில்லை என்கிறவர்களுக்கு இன்றைய மனநிலையில் என் பதில், வேண்டாம். கார்ட்டெக்ஸ் தடிமனையே கேள்வியாக எடுக்காதீர்கள். உங்கள் வழிகாட்டியிடம் பேசி வேறு அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.